தவறாமல் பணிக்கு வருபவர்கள்

ஆலையை மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழில் எழுதியவள் நான்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலை அடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருந்த மரவள்ளி மாவு ஆலை அது. கல்வராயன் மலையிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் கிழங்கு வரும். அரைத்து, வடித்து, உலர்த்தி மாவாக வெளியே அனுப்புவோம். நான் அங்கே பதினோரு வருடம் பணியாளர் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். பிரிவு என்றால் ஒரு மேனேஜர், நான், ஒரு இரும்பு பீரோ. மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நல்லவர், சாந்தமானவர். எந்தக் காகிதத்தையும் முழுதாகப் படிக்கமாட்டார்.

பொங்கல் கழிந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆனி மாதக் கடைசியோடு ஆலை மூடப்படும். ஆனால் வாங்கிய கிழங்கை அரைத்து முடிக்க ஆள் வேண்டும். மூடப்போகும் செய்தி தெரிந்ததும் எல்லோரும் வேறு வேலை தேடி ஓடிவிடக்கூடாது. ஆகவே கடைசி நாள்வரை நீடிப்பவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் கூடுதலாகத் தரப்படும். இதற்கு ரிடென்ஷன் போனஸ் என்று பெயர். நான் அகராதியெல்லாம் பார்த்து 'தக்கவைப்பு ஊக்கத்தொகை' என்று எழுதினேன். தொழிலாளர்கள் ஒரே நாளில் அதற்கு 'குந்துற போனஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குந்தியிருந்தால் கிடைக்கும் போனஸ். என்னுடையதைவிட அதுதான் சரியான மொழிபெயர்ப்பு என்று இப்போது தோன்றுகிறது.

யாருக்குக் கிடைக்கும் என்ற வரிதான் முக்கியம். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே எழுதினால் 'கடைசி நாள்வரை பணியில் நீடிப்பவர்கள்' என்று வரும். நான் எழுதியது: 'கடைசி நாள்வரை தவறாமல் பணிக்கு வருபவர்கள்.'

அந்தத் 'தவறாமல்' கைதவறி விழுந்தது அல்ல. எழுதும்போது என் மனதில் ஒரு ஆள் இருந்தார். பாய்லர் ஆபரேட்டர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். வயது ஐம்பதைத் தாண்டியவர். முதுகுவலி என்று மாதத்துக்கு நாலு நாள் லீவு போடுவார். அந்த முதுகுவலி சாமை அறுப்புக்கும் மலைமேல் திருவிழாவுக்கும் சரியாக வந்துவிடும். அவருடைய லீவுக் கடிதங்களை அடுக்கி அடுக்கி எனக்கு எரிச்சல். குந்தியிருந்தாலே போனஸ் என்றால் இவர் வீட்டில் குந்தியிருந்தே வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போட்டேன். மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன்.

வார்த்தை வேலை செய்தது. அந்த ஆலையின் வரலாற்றிலேயே இல்லாத வருகை. காய்ச்சல்காரர் வந்தார். கண்புரை ஆபரேஷனைத் தள்ளிவைத்தவர் வந்தார். லோடு பிரிவில் ஒரு பையன் கல்யாணமான மறுநாள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிய பெண்டாட்டியை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தான். இதில் கொடுமை என்னவென்றால், மாசிக்குப் பிறகு கிழங்கு வரத்தே கம்மி. வாரத்தில் இரண்டு நாள்தான் இயந்திரம் ஓடும். மீதி நாளெல்லாம் நாற்பது பேர் தவறாமல் வந்து, தவறாமல் சாக்குமேல் உட்கார்ந்து, தவறாமல் போனார்கள்.

பாய்லர்காரரும் வந்தார். ஒரு நாள்கூட லீவு இல்லை. மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, அடிவாரத்து அணைக்கு அப்பால் வேறு பஸ் மாறி, எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடுவார். பாய்லர் பற்றவைக்காத நாளில் அதன் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். நான் ஒரு முறை அந்தப் பக்கம் போனபோது எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்க அண்ணா, பரவால்ல."

"முதுகு புடிச்சிக்கிச்சு மேடம். அதான் சித்த நேரம்."

'பார்த்தீர்களா, நினைத்தால் வரமுடிகிறது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பினேன். வருகைப் பதிவேட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மாதக் கடைசியில் மேனேஜரிடம் காட்டினேன். "சூப்பர் மேடம்" என்றார்.

அந்தப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரேயும் விடுபடல் கிடையாது. அதற்கு நான் கொடுத்த விலையை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை வருடமாகக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆலை மூடட்டும், போனஸ் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம் என்று நான் நாள் தள்ளிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் கறுப்புத் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு உட்காருவேன். கேட்டவர்களிடம் வெயிலுக்கு என்றேன்.

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறக்க எழுந்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கண்விழித்தபோது அரசு மருத்துவமனைக் கட்டிலில் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் கணவர். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார், காலெல்லாம் சேறு.

டாக்டரம்மா வந்தார். "நாளன்னைக்கு ஆபரேஷன். அப்புறம் ஒன்றரை மாசம் முழு ஓய்வு."

"டாக்டர், ஒரு ஆறேழு வாரம் தள்ளிவெச்சுக்க முடியுமா?"

"எதுக்கு?"

"கம்பெனி மூடற வரைக்கும் நான் போகணும்."

அவர் கையிலிருந்த கேஸ் ஷீட்டை மூடினார். "கம்பெனி மூடற அன்னைக்கு நீங்க இருக்கணுமா வேணாமா?"

என் கணவர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "இருக்கணுங்க. நீங்க செஞ்சிடுங்க."

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் மேனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டார். லீவுக்கு என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார். கர்ப்பப்பை எடுத்திருக்கிறது என்றேன். மறுமுனையில் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் வேற ஏதாச்சும் டீசன்ட்டா எழுதிக்கறேன் மேடம்" என்றார். 'வயிற்று உபாதை' என்று எழுதியிருந்தார். அலுவலக ஆவணப்படி நான் வயிற்றுக் கோளாறால் நாற்பத்தைந்து நாள் படுத்திருந்தவள்.

படுக்கையில் இருந்தபோதுதான் அந்த வரி எனக்குப் புரிய ஆரம்பித்தது. எழுதும்போது புரியாதது, தையல் இழுக்கும்போது புரிந்தது. கடைசி நாள் வந்தது, போனது. நான் வீட்டுக் கூடத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் போனஸ் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், நான் மருத்துவ விடுப்பில்தானே இருந்தேன். சர்டிபிகேட் குடுத்திருக்கேனே."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா ரூல்ல 'தவறாமல் பணிக்கு வருபவர்கள்'னு தெளிவா இருக்கே. நீங்களே எழுதினதுதான். நல்லா எழுதியிருந்தீங்க."

கிண்டல் செய்கிறாரா என்று யோசித்தேன். இல்லை. அவருக்குக் கிண்டல் வராது.

அன்று சாயங்காலம் ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் குரல், காற்று இரைச்சலுக்கு நடுவில். பாய்லர்காரரின் மனைவி. செல்போன் சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பேசுவதாகச் சொன்னார்.

"மேடம், அவரு படுத்த படுக்கையா இருக்கறாரு. மூட்றதுக்குப் பத்தொம்பது நாளு முன்னாடி எழுந்துக்கவே முடியாம போயிடுச்சு. எலும்பு நடுவுல தட்டு நழுவிடுச்சாம், ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. இப்ப லிஸ்ட்டுல பேரு இல்லன்றாங்க."

"என் பேரும் இல்லம்மா."

"ஐயோ, உங்க பேருமா?" காற்றுக்கு மேலாகக் குரலை உயர்த்தினார். "அந்தக் கடுதாசி நீங்க எழுதனதாமே. அதுக்கு இன்னா அர்த்தம்னு நீங்கதான் சொல்லணும்னு சொல்லிக்கினு இருக்கறாரு. வேற யாரு சொன்னாலும் ஒத்துக்கமாட்டேன்றாரு."

பட்டியலில் விடுபட்டது நாங்கள் இரண்டு பேர்தான். யாரைத் தடுக்க எழுதினேனோ அவர், எழுதிய நான். வலை போட்டவளும் மீனும் ஒரே கூடையில்.

லேபர் ஆபீசில் மனுக் கொடுக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இரண்டு பேராகக் கொடுத்தால் நல்லது என்றார். மனுவை நான் எழுதினேன். அதில் பாய்லர்காரரின் கையெழுத்து வேண்டும், அவருடைய மருத்துவச் சான்று வேண்டும். அவரால் இறங்கி வர முடியாது. குலுங்கும் வண்டியில் மூன்று மாதத்துக்குப் போகக்கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். "எழுதனவங்கதானே போவணும்" என்றார் என் கணவர். கோபமாகச் சொல்லவில்லை, தலையணை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அன்று உழவு இருந்தது.

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டேன். அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எனக்கு உயிர் போய்வந்தது. பஸ் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உடம்பு ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம். மூன்றாவது வளைவில் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் கர்ப்பிணி என்று நினைத்து, "முதல் பிரசவமா?" என்று கேட்டார். எனக்கு நாற்பத்தாறு வயது. "ஆமாங்க" என்று சொல்லிவைத்தேன், விளக்க மூச்சில்லை. இந்த வழியில் ஒரு மனிதர் ஆறு மாதம், தினம் இரண்டு தடவை, தவறாமல் போய்வந்தார் என்ற எண்ணம் மலைமேல் கரியாலூர் வரும்வரை என்னை விடவில்லை.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப்பில் இன்னும் கொஞ்ச தூரம். அவர் வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அவரால் எழுந்து உட்கார முடியாது. என்னால் தரையில் உட்கார முடியாது. அவர் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி வந்தார். நான் நாற்காலியிலும் அவர் காலடியிலுமாக, ஏதோ ஜமீன் விசாரணை மாதிரி இருந்தது.

"எதுக்கு மேடம் இவ்ளோ தூரம்? உடம்பு சரியில்லன்னாங்களே" என்றார்.

"உங்க கையெழுத்து வேணும் அண்ணா."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். நான் எழுதிய அறிவிப்பின் நகல். லேமினேட் செய்திருந்தார்கள். எல்லோருக்கும் கொடுத்த அந்த நகலைப் பாய்லர்காரர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே கடையில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கி, ஆறு மாதமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். படுத்தபடியே உயரப் பிடித்து, எழுத்துக்கூட்டாமல் நன்றாகப் படித்தார்.

"தவறாமல்னா இன்னா மேடம்? மனசு தவறாமலா, உடம்பு தவறாமலா? நான் மனசால ஒரு நாளும் தவறல."

"அதைத்தான் அண்ணா மனுவில் எழுதியிருக்கேன்." உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தேன். அனுமதி பெற்ற விடுப்பும் பணியில் இருப்பதாகவே பொருள்படும், 'தவறாமல்' என்ற சொல் வேண்டுமென்றே வராமல் இருப்பதை மட்டுமே குறிக்கும் என்று ஒன்றரைப் பக்கம். என் சொல்லை நானே வெளுத்துக் காயப்போட்டிருந்தேன். படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இவ்ளோ அர்த்தம் அதுக்குள்ள இருந்துச்சா?"

நான் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மனைவி அட்டையைப் பிடித்துக்கொள்ள, படுத்தவாறே கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது பலாச்சுளை ஒரு டப்பா நிறையக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைக்க இடமில்லை, தலையணை இருந்தது.

பேச்சுவார்த்தைக்கு ஒரு மாதம் கழித்து அழைத்தார்கள். அதற்குள் அவர் இடுப்பில் பெல்ட் கட்டி மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தார். ஒரு ஜீப்பின் பின்பக்கம் படுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அலுவலகத்தில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்றார். அதிகாரி ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். மேசைமேல் கோப்புகள் அவர் முகத்தை மறைத்தன.

மேனேஜர் தன் பக்க நியாயத்துக்காகத் தலைமை அலுவலகத்தின் ஆங்கிலக் கடிதத்தையே கொண்டுவந்திருந்தார். நிர்வாகம் எல்லாவற்றையும் முறையாகத்தான் முடிவு செய்தது என்று காட்ட. வழக்கம்போல அதைப் படித்துப் பார்க்கவில்லை. அதிகாரி படித்தார். பிறகு தமிழைப் படித்தார். பிறகு மறுபடி ஆங்கிலம்.

"இங்க பணியில் நீடிப்பவர்னுதான் இருக்கு. தமிழ்ல இந்தத் 'தவறாமல்' எங்கிருந்து வந்துச்சு? 'பணிக்கு வருபவர்'னு ஏன் மாறிச்சு?"

மேனேஜர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் முழுதாகப் படித்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். "மொழிபெயர்ப்பில ஏதோ…" என்றார்.

"யாரு மொழிபெயர்த்தது?"

"நான்தாங்க" என்றேன்.

அதிகாரி கோப்புகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மனு குடுத்திருக்கறதும் நீங்கதானே?"

"ஆமாங்க."

"நீங்க எழுதினதை எதிர்த்து நீங்களே மனு குடுத்திருக்கீங்க." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது பிழையா, இல்ல நிர்வாகம் சொல்லி வேணும்னே எழுதினதா? வேணும்னே எழுதினதுன்னா நான் வேற மாதிரி பார்க்கணும். பிழைன்னா இங்கயே முடிச்சுடலாம், ஆங்கிலத்தில் இருக்கற மாதிரி ரெண்டு பேருக்கும் குடுத்துடணும்."

மேனேஜர் என்னையே பார்த்தார். நான் சுவரோரம் நின்றவரைப் பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் என் தமிழில் ஒரு ஒற்றுப் பிழை என்று யாரும் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"பிழைங்க" என்றேன்.

'மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். முப்பது நாளில் தரவேண்டும் என்று முடிவானது. நாற்பது நாளில் வங்கியில் வந்து சேர்ந்தது, இருவருக்கும். அன்று மேனேஜர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெரிய மனசு மேடம் உங்களுக்கு, தப்பை ஒத்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. நானும் பாய்லர்காரரும் நின்றுகொண்டே குடித்தோம். பாதி டீ இருக்கும்போதே எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, அது பிழை இல்ல. உங்கள நெனச்சுத்தான் அந்த வார்த்தையைப் போட்டேன். நீங்க பொய் லீவு போடறீங்கன்னு நெனச்சேன்."

அவர் டீயை ஆற்றினார். "தெரியுமே."

"தெரியுமா?"

"ஒட்டன அன்னிக்கே பாய்லர் ரூம்ல பேசிக்கினாங்க. இது உனக்காவ எழுதனதுடான்னு. எம்மேல இவ்ளோ கவனம் வெச்சி ஒருத்தரும் எதுவும் எழுதனதில்ல, அதான் லேமினேசன் பண்ணி வெச்சேன்." சிரித்தார். சிரித்ததில் முதுகு இழுத்து, கடைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என்னையே கேக்கச் சொல்லி ஏன் போன் பண்ண வெச்சீங்க?"

"கட்டனவங்களுக்குத்தானே முடிச்சு எங்க இருக்குதுன்னு தெரியும்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க நெனச்சது ஒண்ணும் தப்பு இல்ல மேடம். முதுகுவலின்னு எழுதிக் குடுத்ததெல்லாம் முக்காவாசி பொய்யிதான். சாமை அறுக்க ஆளு ஏது? எனக்கு முதுகுல ஒண்ணுமே கெடையாது அப்ப. நெசமா வந்தது இந்த ஆறு மாசத்துலதான். தெனைக்கும் அந்த பஸ்ஸுல ஏறி எறங்கி."

மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்று கேட்பார் போலிருந்தது. நான் சந்தேகப்பட்டது சரி, எழுதியது தவறு, சரியான சந்தேகத்தில் எழுதிய அந்தத் தவறு அவருடைய பொய்யை நிஜமாக்கிவிட்டது. இதையெல்லாம் எந்த மனுவில் எழுதுவது?

"இனிமே இன்னா பண்ணப்போறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"கரியாலூர்ல அருவி பாக்க சனம் வருதுல்ல, ரோட்டோரம் அன்னாசி வெட்டிக் குடுக்கலாம்னு. நின்னுக்கினே பண்ற வேலை. நீங்க?"

"தெரியல அண்ணா. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல ஆள் கேட்டிருக்காங்க."

டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார், என்னை விடவில்லை. ஜீப் திரும்பிப் போய்விட்டிருந்ததால் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றார். பஸ் ஸ்டாண்டுவரை இருவரும் மெதுவாக நடந்தோம். எதிரே வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மலை பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. கண்டக்டர் முன் சீட்டைக் காட்டினார். இவர் வேண்டாம் என்று கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். நான் டிரைவர் ஜன்னல் பக்கம் போய், "கொஞ்சம் மெதுவா போங்க, அவருக்கு முதுகு சரியில்ல" என்றேன்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "யாரு, நம்ம பாய்லர்காரரா? தெனைக்கும் வருவாரே. அவருக்கு எல்லா வளைவும் பழக்கம்மா" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.